ஓடுநீர்ப் புல்வெளி: 'வாட்டர் மெடோ'வுக்கும் அதன் எச்சங்களுக்கும் கலைச்சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். ஆற்றுநீரைப் புல்லின் ஊடே ஓடவிட்டுப் பாய்ச்சும் 'வாட்டர் மெடோ' (water meadow) நிலங்களுக்கும் அவற்றின் எச்சங்களுக்கும் நீங்கள் முன்வைத்த தமிழ்ச்சொற்களுக்கு என் பதில் இது.

> 'நீர்ப்புல்வெளி' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், ஐயா. ஆனால் படிப்பவர் சதுப்பு நிலத்தையோ வெள்ளம் ஏறி வடியும் மேய்ச்சல் தரையையோதான் நினைப்பார். தென் இங்கிலாந்தில் ஏவன், டெஸ்ட், இட்சன், ஃப்ரோம் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இருப்பவை தாமாக நனைந்த நிலங்கள் அல்ல. 17-ஆம் நூற்றாண்டு தொடங்கி, மட்டம் பார்த்து வெட்டி, மதகு வைத்து அமைத்த பாசன நிலங்கள். நீர் தேங்கவே கூடாது என்பதுதான் அவற்றின் அடிப்படை.

அங்கே சுண்ணப்பாறை ஊற்றுகளில் வெளிவரும் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10, 11 பாகை செல்சியசிலேயே இருக்கும். உறைபனிக் காலத்தில் அந்த நீரை ஓர் அங்குலத் தடிமனில் புல்லின் ஊடே ஓடவிட்டால் மண் உறையாது. மற்ற இடங்களைவிடச் சில வாரம் முந்தியே புல் தழைத்துவிடும். சேர்த்துவைத்த உலர்புல் தீர்ந்துபோகும் மார்ச், ஏப்ரலில் ஆட்டு மந்தையைக் காப்பாற்றியது இந்தப் புல்தான். பகலில் இங்கே மேய்ந்த ஆடுகளை இரவில் மேட்டு வயல்களில் கிடை போட்டார்கள். அந்த எருவில் கோதுமையும் பார்லியும் விளைந்தன. (இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். 'கிடை' இருக்கிறது, அதுவே போதும்.) நீர் நின்றுவிட்டால் புல் கெட்டுவிடும். அதனால்தான், தண்ணீர் பெருநடையாக வந்து நாலுகால் பாய்ச்சலில் வெளியேற வேண்டும் என்று அங்கே பாய்ச்சியவர்கள் சொல்லிவைத்தார்கள்.

எனவே என் முன்மொழிவு 'ஓடுநீர்ப் புல்வெளி'.

> 'குளிர்காலப் பாசனப் புல்வெளி' இன்னும் துல்லியமாக இருக்காதா?

இங்கிலாந்துக்கும், இத்தாலியின் லொம்பார்டியில் குளிர்காலத்தில் நீர் பாய்ச்சும் 'மார்சிதா' புல்வெளிக்கும் அது சரியாகப் பொருந்தும், அம்மா. ஆனால் சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் மலைநீரைக் கால்வாய்களில் கொண்டுவருவது கோடை வறட்சியைச் சமாளிக்க. அதே நாட்டின் லாங்கென்டால் பகுதியிலோ ஆற்றுநீர் சுமந்துவரும் வண்டலே உரம். 2023-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த ஐரோப்பிய மரபுப் பாசனத்தில் ஏழு நாடுகள் அடங்கும். பருவத்தைச் சொல்லில் பூட்டிவிட்டால் பாதி இடங்கள் வெளியே நின்றுவிடும்.

> வயல்களில் தெரியும் எச்சங்களுக்கு: 'வரப்புச் சுவடு'.

இதை நான் அழுத்தமாக மறுக்கிறேன். வரப்பு நீரைத் தடுத்து நிறுத்துவது. இங்கே உயர்ந்திருக்கும் மேடு நீரைச் சுமந்து, இரு பக்கமும் வழியவிடுவது. மேட்டின் உச்சி நெடுக ஒரு சிறு வாய்க்கால். அதிலிருந்து வழிந்த நீர் சரிவில் இறங்கி, மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் ஓடும் வடிகாலில் சேர்ந்து மீண்டும் ஆற்றுக்குப் போகும். உச்சி வாய்க்கால் போகப்போகக் குறுகும், அப்போதுதான் நீர் கடைசிவரை சீராக வழியும். வடிகால் போகப்போக அகலும்.

களத்தில் அடையாளம் காண உதவுவதும் இதுதான். அதே இங்கிலாந்தில் இடைக்கால உழவு விட்டுச்சென்ற மேடுபள்ளங்களும் ஏராளம். தாழ்ந்த குளிர்கால வெயிலில், வான்படத்தில், லைடார் (ஒளிக்கற்றையால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும் முறை) படத்தில் இரண்டும் ஒரேமாதிரி வரிவரியாகத் தெரியும். உழவு மேட்டின் உச்சியில் வாய்க்கால் இருக்காது. 'வரப்புச் சுவடு' என்றால் இந்த வேறுபாடு அழிந்துபோகும். மொழிபெயர்க்கும் மாணவர் இரண்டையும் ஒன்றாகவே எழுதுவார். ஆகவே மேட்டின் உச்சியில் ஓடும் வாய்க்காலான 'கேரியர்' (carrier) என்பதற்கு 'முகட்டுக்கால்'. மொத்த எச்சத்துக்கு 'முகட்டுக்கால் தடம்'. உழவு மேடுகளுக்கு 'உழவுமேட்டுத் தடம்'. வாய்க்கால், வடிகால் என்று பழகிய நமக்கு 'கால்' விளக்கம் கேட்காது.

புல்வெளிக்கு நீர் பாய்ச்சும் 'டிரௌனர்' (drowner) என்ற பணியாளருக்கு 'நீர்க்கட்டி' என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் ஏரிப்பாசன ஊர்களில் வழங்கிய நல்ல சொல். ஆனால் இன்று இணையத்தில் அதைத் தேடினால் சினைப்பைக் கட்டிகள்தான் வரும். தென்மாவட்டங்களில் அதே வேலைக்கு வழங்கும் 'நீர்பாய்ச்சி'யை எடுத்துக்கொள்வோம். மதகைத் திறந்து மூடி, கரை உடைப்பை அடைத்து, தூர் எடுத்து, வயலுக்கு வயல் நீரைத் திருப்பிய ஆள் அங்கும் அவரே.

இந்தச் சொற்கள் உடனே தேவைப்படுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செயற்கை உரம் வந்து, கூலி ஏறி, இந்த நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. பல உழவில் மறைந்தன. சால்ஸ்பரி அருகே ஹார்னமில் 1990-இல் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் மதகு திறந்து பாய்ச்சிக் காட்டுகிறது. பெரும்பாலான மற்ற இடங்களில் மிஞ்சியிருப்பவை தடங்களும் இடிந்த மதகுகளும்தான். அவற்றைப் பற்றித் தமிழில் எழுத முனைபவர் பெயரில்லாமல் திண்டாடக்கூடாது.

மலைச்சரிவில் சம உயரத்தில் வெட்டிய கால்களிலிருந்து நீரை வழியவிடும், தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மேட்டுநில வகைக்கு 'சரிவுக்கால் பாசனம்' என்று வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் அமையவில்லை: முகட்டுக்காலுக்கும் வடிகாலுக்கும் நடுவே சாய்ந்திருக்கும் புல்பட்டை. 'பாத்தி' ஆகாது, பாத்திக்கு நாற்புறமும் கரை உண்டு. 'சாய்பட்டை' என்று தற்காலிகமாக எழுதுகிறேன். வேளாண் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் யாராவது, ஒரு பக்கம் சாய்ந்த, கரையில்லாத நிலத்துண்டுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று சொன்னால் அதையே எடுத்துக்கொள்வோம்.