பெரிய வீடு குரூப்: ஆயிஷா அமெரிக்கா போகிற விஷயம் (லாத்தா: அக்கா, காக்கா: அண்ணன், நன்னி: பாட்டி, குமருப்பிள்ளை: கல்யாணமாகாத பெண்)

சனி, 5 ஜூலை 2025

நூர்ஜஹான் (காலை 7:12): [பலமுறை பகிரப்பட்டது] அமெரிக்கா அதிரடி!! வெளிநாட்டு மாணவர் திட்டங்கள் அனைத்துக்கும் பணம் நிறுத்தம்!! இனி விசா கிடையாது!! எல்லோருக்கும் அனுப்பவும்!!

நூர்ஜஹான்: ஷமீமா, இதைப் பார்த்தாயா? வியாழக்கிழமை ஆயிஷாவுக்கு இன்டர்வியூ என்று சொன்னாயே.

ஷமீமா: யா அல்லாஹ்

ஷமீமா: மதினி இது எப்போது வந்தது?

நூர்ஜஹான்: இப்போதுதான். சம்பந்தி வீட்டு குரூப்பில்.

ரஃபி: உம்மா, அந்த குரூப்பில் போன வாரம் வேப்பிலைத் தண்ணியில் சுகர் போய்விடும் என்று வந்தது

நூர்ஜஹான்: நீ தூங்கு

ஷமீமா: ஹமீது தம்பி, பார்த்துச் சொல்லுங்களேன். ஆயிஷாவுக்கு இன்னும் காட்டவில்லை.

ஆயிஷா: நானும் இந்த குரூப்பில்தான் இருக்கிறேன் உம்மா

ஹமீது (7:40): அஸ்ஸலாமு அலைக்கும். மதினி பதற வேண்டாம். இந்தச் செய்தியில் பாதி பழசு, பாதி அரைகுறை. விசா விஷயம் மே 27-ல் நடந்தது. மாணவர் விசாவுக்குப் புதிதாக இன்டர்வியூ தேதி கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜூன் 18-ல் மறுபடி திறந்துவிட்டார்கள். திறந்ததால்தானே நமக்கு வியாழன் கிடைத்தது!

நஸீரா: அப்போ பணம்?

ஹமீது: அதற்குத்தான் வருகிறேன். பணம் நின்றது பொய்யில்லை. பிப்ரவரி நடுவில் அமெரிக்க வெளியுறவுத் துறை இந்த மாதிரித் திட்டங்களுக்கான பணத்தைப் 15 நாள் நிறுத்தி வைப்பதாகச் சொன்னது. 15 நாள் தாண்டியும் இழுத்தது. அந்த நேரத்தில் போன வருஷம் போன பிள்ளைகள் அங்கே பாதிப் படிப்பில் இருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. அதனால்தான் முழுதாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ரஃபி: மாமா டைப் செய்து கொண்டிருக்கிறார்…

ரஃபி: இன்னும் டைப் செய்து கொண்டிருக்கிறார்…

ஹமீது (7:58): ஆயிஷா போகிற திட்டத்தின் பெயர் கென்னடி-லூகர் யெஸ். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002 அக்டோபரில் ஆரம்பித்தது. எட்வர்ட் கென்னடி டெமாக்ரட், ரிச்சர்ட் லூகர் ரிபப்ளிகன். எதிரெதிர்க் கட்சி செனட்டர்கள் இரண்டு பேர் சேர்ந்து கொண்டுவந்தது. முஸ்லிம்கள் கணிசமாக இருக்கிற நாடுகளிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரு கல்வியாண்டு அங்கே ஒரு வீட்டில் தங்கி, அந்த ஊர்ப் பள்ளியில் படிக்க வைப்பது. எல்லா மதப் பிள்ளைகளும் எழுதலாம். டிக்கெட், மருத்துவ இன்சூரன்ஸ், கைச்செலவு எல்லாம் அவர்கள் அரசாங்கம். அரசு செலவில் போகிறவர்களுக்கு விசாக் கட்டணமும் கிடையாது. நம்மிடம் யாராவது ‘ப்ராசஸிங்’ என்று காசு கேட்டால் அது திட்டத்துப் பணம் இல்லை.

நூர்ஜஹான்: அதைத்தான் கேட்கிறேன். சும்மா எதற்குக் கொடுப்பான்?

ஜமால் (8:05): ஸலாம். ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன். என்ன நடக்கிறது? 43 மெசேஜ்?

ஷமீமா: ஒன்றும் இல்லை நீங்கள் போங்கள்

நூர்ஜஹான்: ஒன்றும் இல்லையா! தம்பி, நீ சவூதியில் தம்மாமில் இருக்கிறாய், உன் மகள் வேறு கண்டத்துக்குப் போகிறாள்.

ஹமீது: லாத்தா, சும்மா இல்லை. அவர்களுக்கு இதில் ஆதாயம் உண்டு, அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. நாளைக்குப் பெரிய ஆளாக வரக்கூடிய பிள்ளை சின்ன வயதில் நம் ஊரைப் பார்க்கட்டும் என்பதுதான் கணக்கு. மார்கரெட் தாட்சரை 1967-ல் இப்படித்தான் ஆறு வாரம் கூட்டிப்போய் சுற்றிக் காட்டினார்கள். அப்போது அவர் சாதாரண எம்.பி. 1979-ல் பிரதமர். ஃபுல்பிரைட் என்கிற அவர்கள் உதவித்தொகைத் திட்டம் 1946-லிருந்து நடக்கிறது, போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தில் ஆரம்பித்தார்கள். குண்டு வாங்குகிற செலவோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறை.

நஸீரா: நம் அரசாங்கமும் செய்கிறதே. ரஃபி போகவில்லையா?

ரஃபி: ஆமாம்! என்.சி.சி.யில் ரிப்பப்ளிக் டே கேம்பிலிருந்து எடுத்து வியட்நாமுக்கு அனுப்பினார்கள். போக வர நம் அரசாங்கம், அங்கே தங்கச் சாப்பிட அவர்கள் அரசாங்கம். அதே மாதிரி அவர்கள் பிள்ளைகள் ஜனவரியில் டெல்லி கேம்புக்கு வந்தார்கள்.

ஆயிஷா: மச்சான் அந்த பிளேசரை இன்னும் கழற்றவில்லை

நூர்ஜஹான்: நஸ்ரீன் நிக்காஹுக்கும் அதைத்தான் போடுவேன் என்கிறான்

ரஃபி: அது அரசாங்க பிளேசர். மரியாதை.

நூர்ஜஹான்: நிக்காஹ் என்றதும் ஞாபகம் வந்தது. மண்டபத்துக்காரர் டிசம்பர் 28-க்கு அட்வான்ஸ் கேட்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆயிஷா இருக்க மாட்டாள் என்றால் தேதியை ஜூனுக்குத் தள்ளலாமா?

ஷமீமா: அவளுக்காகத் தள்ள வேண்டாம் மதினி, மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள்

நூர்ஜஹான்: மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

ஜமால்: அட்வான்ஸ் எவ்வளவு?

நூர்ஜஹான்: 40

ஜமால்: 40 ஆயிரமா? அதே மண்டபமா? ஏசி உண்டா?

ஹமீது: காக்கா, மண்டபம் அப்புறம். பட்ஜெட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அங்கே அடுத்த நிதியாண்டுக்கு இந்தப் பரிமாற்றத் திட்டங்கள் மொத்தத்துக்கும் 74 கோடி டாலர் அளவில் இருந்ததை 5 கோடியாகக் குறைக்க அதிபர் தரப்பு கேட்டிருக்கிறது. நூற்றுக்கு 93 வெட்டு. ஆனால் கேட்பது வேறு, ஒதுக்குவது வேறு. பணம் ஒதுக்குவது அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ். இன்னும் முடிவாகவில்லை. அந்த நிதியாண்டு அக்டோபரில்தான் பிறக்கிறது. ஆயிஷா ஆகஸ்டில் போகிறாள், அவள் செலவு இந்த வருஷக் கணக்கில் வந்திருக்கும் என்று நம்புகிறேன். நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பெண்பிள்ளையை விமானம் ஏற்ற முடியாது. ‘நடுவில் பணம் நின்றால் திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை’ என்று இங்கே நடத்துகிறவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

நஸீரா: பதில்?

ஹமீது: திங்கள் சொல்கிறேன் என்றார்கள்.

ஹமீது: இன்னொன்று. ஃபுல்பிரைட்டில் 2008-லிருந்து இந்தியாவும் சரிபாதி போடுகிறது, அதனால்தான் பெயரே ஃபுல்பிரைட்-நேரு. இரண்டு அரசாங்கம் கை வைத்திருக்கிற பானையை ஒருவர் மட்டும் சட்டென்று இறக்கிவிட முடியாது. யெஸ் அப்படியில்லை, முழுக்க அவர்கள் காசு. கொடுக்கிற அரசாங்கத்தின் மனசு மாறினால் முதலில் அடிபடுவது இந்த மாதிரித் திட்டம்தான். 16 வயசுப் பிள்ளைக்கு ஓட்டு இல்லை, அதுவும் வேற்றுநாட்டுப் பிள்ளை. அவளுக்காக அங்கே யார் போய்க் கேட்பது? எனக்கு இதில்தான் கோபம்.

ரஃபி: 👏

நூர்ஜஹான்: படித்தேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான், உறுதி இல்லை.

நூர்ஜஹான்: +1 சேர்த்தாயிற்று. ஒரு வருஷம் போனால் நீட் யார் எழுதுவது?

ஆயிஷா: மாமி நான் நீட் எழுதுகிறேன் என்று எப்போது சொன்னேன்

ஷமீமா: ஆயிஷா

ஷமீமா: பள்ளியில் பேசிவிட்டேன் மதினி. திரும்பி வந்து +1 தொடரலாம், ஒரு லெட்டர் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். ஒரு வருஷம் தள்ளும், அது தெரிந்துதான்.

நூர்ஜஹான்: நன்னி ஒத்துக்கொண்டார்களா?

நூர்ஜஹான்: [குரல் பதிவு 1:46]

ரஃபி: நன்னி குரலா? யாராவது எழுதிச் சொல்லுங்கள், பஸ்ஸில் இருக்கிறேன்

நஸீரா: ‘குமருப்பிள்ளையைத் தனியாக அனுப்புவதா, அங்கே போனால் திரும்பி வருமா’ என்று கேட்கிறார்கள். அப்புறம் கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதாம்.

ஹமீது: சொட்டு மருந்து நான் வாங்கி கீழக்கரை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். திரும்பி வருவதைப் பற்றி: அவளுக்கு ஜே-1, அதாவது பரிமாற்றத் திட்ட விசா, திரும்பி வந்தே ஆக வேண்டும். வந்தபின் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தால்தான் வேலை விசாவோ கிரீன் கார்டோ கேட்கலாம். படிக்கப் போக அந்தத் தடை இல்லை. நன்னியிடம் இதை நானே நேரில் சொல்கிறேன்.

நஸீரா: என்னைத் திருச்சி ஹாஸ்டலுக்கு அனுப்பாதபோதும் இதே வார்த்தைதான். திருச்சிக்கு விசாகூட வேண்டாம்.

நூர்ஜஹான்: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்

நஸீரா: இழுக்கவில்லை லாத்தா. அவள் போகட்டும் என்கிறேன்.

ஜமால்: நஸீரா, அன்று நான் பேசியிருக்க வேண்டும்.

நஸீரா: வேலையைப் பாருங்கள் காக்கா. வெயிலில் நிற்காதீர்கள்.

ஷமீமா (9:20): தங்கப்போகிற வீட்டிலிருந்து நேற்று மெயில் வந்தது. அயோவாவில் ஒரு சின்ன ஊர். புருஷன் பெஞ்சாதி, காலேஜ் போகிற மகன். என்ன சாப்பிட மாட்டாள், தொழுகைக்கு எந்த அறை வசதி, பாய் விரிக்கிற திசை எது என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா ஹலால் கோழி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, 50 மைல் தள்ளி ஒரு கடை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜமால்: மாஷா அல்லாஹ்

நூர்ஜஹான்: மகன் காலேஜ் போகிறானா? எந்த ஊர்க் காலேஜ்?

ஷமீமா: வேறு மாநிலம் மதினி, ஹாஸ்டலில்.

ஆயிஷா: இரண்டு நாய் இருக்கிறது 🐶🐶

ஷமீமா: அதைச் சொல்ல வேண்டாம் என்றேன்

நூர்ஜஹான்: நாயா!!! வீட்டுக்குள்ளேயா?

ஹமீது: நாய் நக்கினால் ஏழு தடவை கழுவ வேண்டும், ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். அதற்கு வழி இருக்கிறது லாத்தா.

ரஃபி: அயோவாவில் மண்ணுக்குக் குறைச்சல் இல்லை. மாநிலம் முழுக்கச் சோளக்காடு.

நூர்ஜஹான்: மாசம் எவ்வளவு கொடுக்கிறார்கள் அந்தக் குடும்பத்துக்கு?

ஹமீது: ஒரு பைசா கிடையாது. வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் சம்பளம் வாங்கக் கூடாது என்பது விதி. வருமான வரியில் மாசத்துக்கு 50 டாலர் வரை கழிவு காட்டலாம், அவ்வளவுதான். 18 வயசு தாண்டிய எல்லோருடைய போலீஸ் ரெக்கார்டையும் பார்த்த பிறகுதான் பிள்ளையை விடுகிறார்கள். திட்டத்துக்காரர் ஒருவர் 120 மைலுக்குள் இருக்க வேண்டும், மாசாமாசம் அவளிடம் பேச வேண்டும். அந்த ஆள் பெயர், நம்பர் வந்ததும் இங்கே போடுகிறேன், எல்லோரும் சேமித்துக்கொள்ளுங்கள்.

நூர்ஜஹான்: ஒரு வருஷம் சும்மா சோறு போடுவார்களா… நம்மில் யார் செய்வோம்

ஷமீமா: நம் வீட்டில் செய்திருக்கிறோம் மதினி. சுனாமி வருஷம்.

நூர்ஜஹான்: ஆமாம். அது சரி.

ஆயிஷா (10:02): ஒரு விஷயம் எல்லோருக்கும். இப்போது விசாவுக்கு இன்ஸ்டாவைப் பப்ளிக் ஆக்கி வைக்கச் சொல்கிறார்கள். நான் ஆக்கிவிட்டேன்.

நூர்ஜஹான்: அதில் நஸ்ரீன் மெஹந்தி போட்டோ இருக்கிறதே! தலைத்துணி இல்லாமல்! மாப்பிள்ளை வீடே பார்க்கும்!!

ஆயிஷா: அதை எடுத்துவிடவா?

ரஃபி: இன்டர்வியூவுக்கு முன்னால் அழித்தால் சந்தேகப்பட மாட்டார்களா?

ஹமீது: ஜூன் 18-ல் சொன்னது கணக்கைத் திறந்து வைக்க வேண்டும் என்று. நஸ்ரீன் போட்டோவை எடுப்பதில் தப்பு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இதையும் அவர்களிடம் கேட்டுவிட்டே செய்யலாம்.

நூர்ஜஹான்: திங்கள் வரைக்கும் நஸ்ரீன் தலை தெரிய வேண்டுமா? இப்போதே எடு.

நஸ்ரீன்: உம்மா அது என் காதுகூடத் தெரியாத போட்டோ. கை மட்டும்தான்.

நூர்ஜஹான்: நீ எப்போது எழுந்தாய்

ஷமீமா: வியாழக்கிழமை கூட யார் வருகிறீர்கள்? புதன் கைரேகை, வியாழன் சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கான்சுலேட். உள்ளே போன் விடமாட்டார்கள், நான் தனியாக வெளியில் நிற்க வேண்டும்.

நஸீரா: வியாழன் எனக்கு ஸ்கூல். லீவு கேட்கிறேன்.

ரஃபி: நான் வரட்டுமா மாமி? பிளேசரோடு.

ஆயிஷா: வேண்டவே வேண்டாம்

ஹமீது: நான் வருகிறேன் மதினி. காக்கா, சம்மதக் கடிதம் மெயிலில் இருக்கிறது. பிரின்ட் எடுத்து, நீல மையில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் அனுப்புங்கள். போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், போன தடவை கட்டைவிரல் தெரிந்தது.

ஜமால்: இன்று இரவு.

ஜமால்: பணம் நின்றால் டிக்கெட் நான் போடுகிறேன். அதற்காக அவளை நிறுத்த வேண்டாம்.

நூர்ஜஹான்: நான் எங்கே நிறுத்தச் சொன்னேன்?

நஸீரா: 7:12-க்கு

நூர்ஜஹான்: கேட்டேன். கேட்கக் கூடாதா?

ஹமீது: கேட்டது நல்லது லாத்தா. எழுத்தில் பதில் வராமல் நானும் சரி சொல்ல மாட்டேன். திங்கள் மதியம் வரை பார்க்கலாம், வரவில்லை என்றால் நேரில் போய் உட்காருகிறேன்.

ஆயிஷா: வந்துவிட்டால்?

ஹமீது: வந்தால் நன்னி வீட்டுக்குப் போவோம். நீயும் வா.

நூர்ஜஹான்: மண்டபத்துக்காரர் மறுபடி போன் செய்கிறார். 28-ஆ, ஜூனா? யாராவது சொல்லுங்கள்.

ஜமால்: ஏசி உண்டா என்று கேட்டேனே