கிராக் ஆல்பம்: 1979 என்று போட்டிருந்தால் முதல் அச்சா?

ஊசிமுனை: ஸ்பெயின் ராக் குழுவான கிராக்கின் ‘சி தோதோ இசியேரா கிராக்’ இசைத்தட்டைப் படம் போட்டு, “டெபோசிதோ லேகால் எண் 1979இல் முடிகிறது, அதனால் முதல் அச்சு” என்று கருவட்டு எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அது ஸ்பெயினில் சட்டப்படி பதிவு செய்த எண். முன்னால் நிற்கும் ‘M’ என்ற எழுத்து மாத்ரித் நகரைக் குறிக்கும், கடைசியில் இருப்பது பதிவான ஆண்டு. பின்னால் மறுபடி அச்சடித்த தட்டுகளிலும் அதே எண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள்.

கருவட்டு: 1979 என்றால் 1979தான். ஹிஹோன் ஊர்ப் பையன்கள் அந்தக் காலத்தில் போட்ட ஒரே ஆல்பம். சாப்பா கம்பெனி வெளியிட்டபோதே சீந்த ஆளில்லை. அதைப் போய் யார் மறுபடி அச்சடிப்பார்கள்?

ஊசிமுனை: விற்றதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அந்த எண் எதைக் காட்டுகிறது என்று கேட்கிறேன். த்ரியானா என்ற இன்னொரு ஸ்பெயின் குழுவின் 1975 ஆல்பம் என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. இரண்டிலும் ஒரே பதிவு எண். ஒன்றின் அட்டை கனமாக இருக்கும், இன்னொன்று அப்பளம் மாதிரி. இரண்டும் முதல் அச்சா?

தென்றல்: அண்ணே, த்ரியானாவை ஏன் இழுக்கிறீர்கள்? அது செவில்லா, ஃப்ளமெங்கோ ராக். ப்ரோக்ரெசிவ் ராக், அதாங்க ‘ப்ரோக்’, அந்தக் கணக்கிலேயே வராது. கிராக்கின் புல்லாங்குழலைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஊசிமுனை: வராதா? த்ரியானாவின் ஹேசூஸ் தெ லா ரோசா பாடிக்கொண்டே கீபோர்டு வாசிப்பதை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டீர்களா தம்பி? முதல் பாட்டே பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. 1983இல் விபத்தில் போய்விட்டார் அந்த மனுஷர். அவரைக் கணக்கில் சேர்க்காமல் ஸ்பெயின் ப்ரோக் என்று ஒன்று கிடையாது.

கருவட்டு: பேச்சை மாற்றாதீர்கள். போன வருடம் என் அட்டையை “ஜெராக்ஸ்” என்று சொன்னதும் நீங்கள்தான். நான் மறக்கவில்லை. 1979.

ஊசிமுனை: ஓரம் மங்கியிருந்தது, சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை வழவழப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, அங்கே டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைக் கீறலாக மேட்ரிக்ஸ் எண், அதாவது தட்டு அச்சடித்த மூலத்தின் எண், தெரியும். எந்த அச்சு என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.

கருவட்டு: எதற்கு? அட்டையிலேயே இருக்கிறதே, 1979.

தென்றல்: ஃப்ளமெங்கோ ராக்தான் அண்ணே.

ஊசிமுனை: வளையத்தின் படம் எங்கே?