அவசரம்: மிக்-21 போர் விமான பிளாஸ்டிக் மாடலில் காக்பிட் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது

மார்த்தாண்டம்_ஜெட்: எல்லாருக்கும் வணக்கம். கண்ணாடியை நேற்று ராத்திரி ஒட்டினேன். காலையில் பார்த்தால் புகை படிந்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. துடைத்தும் போகவில்லை. சனிக்கிழமை அக்கா மகன் பிறந்தநாள், அதற்குள் முடித்தாக வேண்டும். என்ன செய்ய?

தக்கலைக்காரன்: எந்த ஸ்கேல்? என்ன பசை? வெள்ளை உள்ளேயா, வெளியேயா?

ஆரல்_காற்று: ஈரம்தான், வேறொன்றும் இல்லை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்தால் உங்கள் பக்கம் ஜாடியில் உப்பே கசிந்து நிற்கும். வார்னிஷ் ஸ்ப்ரே காய்வதற்குள் காற்றின் ஈரம் இறங்கி வெளுத்திருக்கும். அரிசி டப்பாவுக்குள் போட்டு வையுங்கள்.

மார்த்தாண்டம்_ஜெட்: ஸ்ப்ரே எதுவும் அடிக்கவில்லை. 1/72. சாதாரண பசைதான்.

தக்கலைக்காரன்: சாதாரணம் என்றால் எது மக்கா? கிட்டோடு வந்ததா, பெட்டிக்கடை ட்யூபா?

வடசேரி_மாடலர்: இதே கேள்வியோடு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஒட்டுவதற்கு முன்னால் இந்த மன்றத்தின் பழைய இழைகளைப் புரட்டினால் கை தேய்ந்துவிடாது. சரி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். வெள்ளையில் உங்கள் கைரேகை தெரிகிறதா?

மார்த்தாண்டம்_ஜெட்: ஆமா!! உள்பக்கம், இடது ஓரத்தில் கட்டைவிரல் ரேகை சுழி சுழியாக அப்படியே இருக்கிறது. எப்படி அண்ணாச்சி? பசை சூப்பர் க்ளூதான்.

வடசேரி_மாடலர்: தடயவியல் துறையில் கைரேகை எடுக்க இதே பசையின் ஆவியைத்தான் காட்டுகிறார்கள். விரல் பட்ட இடத்தில் ஆவி படிந்து வெள்ளையாக இறுகும். நீங்கள் மூடிய காக்பிட்டுக்குள் அதே சோதனையைச் செய்திருக்கிறீர்கள். அரிசியை அரிசிச் சோற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை உள்ளே இருப்பதால் கண்ணாடியைக் கழற்றியே ஆகவேண்டும். கத்தி நுனியை இடுக்கில் விட்டு மெதுவாகத் திருப்புங்கள். அந்தப் பசை இறுகினால் நொறுங்கும் குணம் உள்ளது, விட்டுக்கொடுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நைஸான உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். முதலில் இன்னும் மங்கும், பயப்படாதீர்கள். அப்புறம் பஞ்சில் டூத்பேஸ்ட் தொட்டுத் தேய்த்தால் தெளியும். திரும்ப ஒட்ட மர வேலைக்கான வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் நிறம் இருக்காது.

ஆரல்_காற்று: இவ்வளவு பாடு எதற்கு? கழற்றிய கண்ணாடியை முன்பக்கமாகத் தூக்கித் திறந்த மாதிரி வைத்தால் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

வடசேரி_மாடலர்: முன்பக்கம் கீல் இருந்தது மிக்-21-இன் பழைய எஃப்எல் ரகத்தில். பிற்கால ரகமான பைசனில் கண்ணாடி வலப்பக்கம் சாயும். எந்த மிக் என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை.

ஆரல்_காற்று: மிக் என்றால் எஃப்எல்தான். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியது மிக்-21. பைசனெல்லாம் பிற்பாடு ஒட்டுப்போட்டது.

குளச்சல்_ரோட்டர்: ஒட்டுப்போட்டதா? 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைகொடுக்கும் வரை பறந்தது அந்தப் பைசன்தானே ஓய்.

ஆரல்_காற்று: கடைசி வரை பறந்ததைப் பெருமை என்கிறீர்கள். 1963-ல் விமானப்படையில் சேர்ந்த மிக்-21 குடும்பத்தை அவ்வளவு காலம் ஓட்டியதே தப்பு என்கிறேன் நான்.

குளச்சல்_ரோட்டர்: மாற்று விமானம் கையில் இல்லாமல் எதை வைத்து ஓட்டுவது? தேஜஸ் வர எவ்வளவு தாமதம் என்று தெரியாதா?

தக்கலைக்காரன்: இங்கே ஒருத்தர் கண்ணாடியோடு போராடிக்கொண்டிருக்கிறார். தேஜஸுக்குத் தனி இழை போடுங்கப்பா.

மார்த்தாண்டம்_ஜெட்: கண்ணாடி உடையாமல் வந்துவிட்டது. டூத்பேஸ்ட் நன்றாக வேலை செய்கிறது, ரேகை போய்விட்டது. பைசன்தான். நன்றி அண்ணாச்சி. ஆனால் சக்கரம் பூட்டி நிறுத்தினால் மூக்கு மேலே போய் வால் தரையில் உட்காருகிறது. அது ஏன்?

வடசேரி_மாடலர்: மூக்குக்குள் எடை வைக்கச் சொல்லி கிட் தாளிலேயே இருந்திருக்குமே. படித்தீர்களா?

குளச்சல்_ரோட்டர்: கண்ணாடி கழன்றிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். மீன்வலைக் கடையில் ஈயக் குண்டு கிடைக்கும், நசுக்கி விமானி இருக்கையின் பின்னால் திணிக்கலாம். பின்சக்கரத்துக்கு முன்னால் இருந்தால் சரி. இருக்கை கழறுமா, இல்லை அதையும் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிட்டீர்களா?

தக்கலைக்காரன்: சனிக்கிழமை போய்விட்டதே, என்ன ஆயிற்று?