நம்ம ஊர் பழைய ஒன்பது குழி கோல்ஃப் திடலில் அப்படி என்ன அழகு?

லயத்துப்பையன் கேட்டது:

வணக்கம். எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து டவுனில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கிள்ளானில் வேலை. எங்கள் டவுனுக்குப் பின்னால், பெரிய தொரை பங்களாவைத் தாண்டிப் போனால் ஒரு ஒன்பது குழி கோல்ஃப் திடல் வரும். வெள்ளைக்காரன் காலத்தது. சுற்றி இருந்த பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, திடல் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா அங்கே முப்பது வருஷம் புல் வெட்டினார், குழி மாற்றினார். எங்களுக்கு அது பந்து பொறுக்குகிற இடம், அவ்வளவுதான். தொலைந்த பந்தைத் தேடிக் கொடுத்தால் ஐம்பது காசு, பந்து புதுசாக இருந்தால் ஒரு வெள்ளி.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் (பினாங்கில் கட்டடக்கலை படிக்கிறான்) காலையில் அந்தத் திடலைச் சுற்றிவிட்டு வந்து, "மாமா, இதைப் போட்டவன் லேசுப்பட்ட ஆள் இல்லை" என்றான். என்னடா இருக்கிறது என்று கேட்டால் போனை எடுத்து ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலைக் காட்டுகிறான். உலகத்துக் கோல்ஃபுக்கெல்லாம் தாய்வீடு அதுதானாம். பார்த்தால் ஒரு மரம் இல்லை, ஒரு பூ இல்லை, காய்ந்த புல்லும் மேடும் பள்ளமுமாக மாடு மேய்கிற பொட்டல் மாதிரி கிடக்கிறது. அமெரிக்காவில் அகஸ்டா என்று ஒன்று காட்டினான், பூவும் குளமும் கல்பாலமுமாக, சரி, அது அழகு என்று என் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் அவன் திரும்பத் திரும்ப அந்தப் பொட்டலுக்குத்தான் போகிறான், நம்ம ஊர்த் திடலும் அந்த ஜாதிதான் என்கிறான்.

அப்பா இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். ஆடத் தெரியாத ஆள் ஒரு திடலை எப்படிப் பார்ப்பது? எதைப் பார்த்து இது நல்லது, இது சுமார் என்கிறீர்கள்?

---

ஒன்பதாங்குழி எழுதியது:

தம்பி, அந்தப் பொட்டலைப் பார்த்து முகம் சுளித்த முதல் ஆள் நீங்கள் இல்லை. பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1921இல் அங்கே போட்டிக்குப் போனார், வயது 19. மூன்றாவது சுற்றில் பதினோராவது குழிக்குப் பக்கத்து மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, வெறுத்துப்போய் ஆட்டத்தையே பாதியில் விட்டுவிட்டார். அதே ஆள் 1927இல் அதே இடத்தில் ஓப்பன் என்கிற பிரிட்டனின் பெரிய போட்டிப் பட்டத்தை ஜெயித்தார், 1958இல் அந்த ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரராகவே கௌரவித்தார்கள். நீங்கள் சொன்ன அந்தப் பூந்தோட்டம் அகஸ்டா இருக்கிறதே, அதைப் பின்னாளில் உண்டாக்கியதும் இவர்தான், அலிஸ்டர் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்து வம்சாவளி டாக்டரோடு சேர்ந்து. அந்த மெக்கன்சியும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பைத்தியம், 1924இல் அதை மேடு பள்ளம் விடாமல் அளந்து வரைபடம் போட்டவர். ஆகவே உங்கள் மருமகன் காட்டிய இரண்டும் வேறு வேறு இல்லை, ஒன்று தாய் என்றால் இன்னொன்று நகை போட்ட மகள்.

அந்தத் தாயிடம் என்ன இருக்கிறது? அங்கே இடம் தாராளம். முதல் அடியை இடது பக்கம் எவ்வளவு தள்ளி அடித்தாலும் பந்து தொலையாது, புதுசாக ஆடுகிறவனுக்கு ஆஹா, இவ்வளவு சுலபமா என்று இருக்கும். அடுத்த அடியில்தான் தெரியும், அந்தச் சுலபமான பக்கத்திலிருந்து கிரீனை, அதாவது குழி இருக்கிற ஒட்ட வெட்டிய புல்தரையை, பார்த்தால் நடுவில் ஒரு மணல் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும், இல்லையென்றால் தரை எதிர்ப்பக்கம் சாய்ந்து பந்தை உருட்டி விட்டுவிடும். துணிந்து வலது ஓரமாக, ஆபத்தை ஒட்டி அடித்தவனுக்கு மட்டும் வழி திறந்திருக்கும். உள்ளே விட்டுவிட்டு அப்புறம் கணக்குக் கேட்கிற ஆள் மாதிரி. இந்த மணல் பள்ளத்தைத்தான் பங்கர் என்பார்கள். 112 பங்கர் இருக்கிறது என்கிறார்கள், அதில் பல நிற்கிற இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. பதினேழாம் குழியில் சின்னதாக ஒரு பங்கர், 1978 ஓப்பனில் ஜப்பான்காரர் டாமி நக்கஜிமா பந்தை மெதுவாகக் குழியை நோக்கித் தட்டியிருக்கிறார், அது சரிந்து போய் அந்தப் பங்கரில் விழுந்து, நாலு அடியில் முடிக்க வேண்டிய குழியை ஒன்பது அடியில் முடித்தார். அந்த மண்ணின் சாய்வு அப்படி.

இன்னொன்று, பதினெட்டுக் குழிக்கு அங்கே பதினோரு கிரீன்தான். ஏழு கிரீனில் இரண்டிரண்டு குழி, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. இரண்டாம் குழியும் பதினாறாம் குழியும் ஒரே கிரீன், மூன்றும் பதினைந்தும் ஒரே கிரீன், இப்படி எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதினெட்டு வரும். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன், எனக்கு முதலில் பிடித்துப்போனதே இதுதான்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். எனக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்த வழி: பின்னாலிருந்து நடங்கள். குழியில் நின்றுகொண்டு ஆரம்ப இடத்தைத் திரும்பிப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் உங்களை ஏமாற்ற வைத்தது, பின்னாலிருந்து பார்த்தால் எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரியும். பெரிய மேடையில் நாடகம் பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போகிற மாதிரி. செயின்ட் ஆண்ட்ரூஸே ஒரு காலத்தில் இப்போது ஆடுகிற திசைக்கு எதிர்த்திசையில் ஆடிய திடல்தான்.

---

மழைமானி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அது ஸ்காட்லாந்து மண்ணுக்கு. நான் கோல்ஃப் திடல் பராமரிப்பில் 26 வருஷம் இருந்தவன், நம்ம மண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அங்கே கடலோரம், வெறும் மணல். மழை பெய்தால் பத்து நிமிஷத்தில் உள்ளே போய்விடும். மணல் பள்ளங்கள் முதலில் ஆடு மாடு காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த இடங்கள்தான் என்பார்கள். நம்மிடம் செம்மண், களிமண். சாயங்காலம் மூன்று மணிக்குக் கொட்டுகிற மழையில் பங்கர் என்று தோண்டி வைத்தால் மறுநாள் அதில் மீன் விடலாம். புதுசாகக் கட்டுகிற பெரிய திடல்களில் எல்லாம் படத்தைப் பார்த்து வெள்ளை மணலைக் கொட்டி வைக்கிறார்கள், ஒவ்வொரு மழைக்கும் நாலு ஆள் நின்று மணலை மேலே தள்ள வேண்டும், இடுப்பு போய்விடும். பழைய தோட்டத்துத் திடல் போட்டவர்கள் அந்த முட்டாள்தனத்தைச் செய்யவில்லை. உங்கள் ஊர்த் திடலை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் காலத்து ஒன்பது குழித் திடல்கள் சிலவற்றில் வேலை செய்திருக்கிறேன். ஃபேர்வேயை, அதாவது அடிக்கிற இடத்திலிருந்து கிரீன் வரைக்கும் போகிற புல்பாதையை, மேட்டு முதுகில் ஓட விட்டிருப்பார்கள், தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கி ஓடைக்குப் போய்விடும். மணலுக்குப் பதிலாகப் புல் பள்ளம். இயற்கையாக இருந்த ஓடையையே குறுக்கே விட்டு அதைத் தாண்டி அடி என்று வைத்திருப்பார்கள். மண்ணை அதிகம் புரட்டியிருக்க மாட்டார்கள், புரட்ட இயந்திரமும் கிடையாது.

தம்பி, இன்னொரு விஷயம் கவனியுங்கள், புல். ஃபேர்வேயில் அகல இலையோடு இருக்கிறதே, அதை இங்கே கவ் கிராஸ் என்போம், நிழலிலும் வரும், மழைக்கும் தாங்கும். கிரீனில் இருப்பது வேறு. பழைய திடல் என்றால் சிராங்கூன் புல்லாக இருக்கலாம், மாற்றியிருந்தால் பெர்மூடா. பெர்மூடா என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர வேறொன்றும் இல்லை, நம்ம பிள்ளையாருக்குப் போடுகிற அருகம்புல்லின் ஒட்டுச் சொந்தம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைத் தெரிந்துகொண்டு அம்மாவிடம் சொன்னேன், "காலில் மிதிக்கிறீர்களாடா" என்று திட்டினார்.

இந்தப் புல் நம்ம ஊர் வெயிலில் நேராக நிற்காது, ஒரு பக்கம் படுத்துக்கொண்டு வளரும். அது படுத்த பக்கம் பந்து வேகமாக ஓடும், எதிர்ப்பக்கம் தட்டினால் நின்றுவிடும். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் புல் பளபளக்கும், சுற்றிப் போய்ப் பார்த்தால் கறுத்திருக்கும். பளபளத்தால் புல் உங்களை விட்டு அந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் சுத்தமாகவும் இன்னொரு பக்கம் பிய்ந்து காய்ந்தும் இருக்கும், காய்ந்த பக்கம்தான் புல் சாய்கிற திசை. குழி 108 மில்லிமீட்டர் அகலம், உலகம் முழுக்க ஒரே அளவு, அதற்குள் இவ்வளவு விஷயம்.

போவதாக இருந்தால் காலை ஏழரைக்குப் போங்கள், இல்லை சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். உச்சி வெயிலில் எந்தத் திடலும் தட்டையாகத்தான் தெரியும், நிழல் நீளும்போதுதான் மேடு பள்ளம் எழுந்து வரும். உங்கள் மருமகன் காட்டிய படம் மத்தியானத்தில் மேலே இருந்து எடுத்ததாக இருக்கும்.

---

கிராணிமகள் எழுதியது:

எல்லாரும் ரசிக்கிறீர்கள், நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வடிவமைத்தவன், வடிவமைத்தவன் என்கிறீர்களே, அந்த மேட்டைச் செதுக்கியது யார்? தொரை வெள்ளைச் சப்பாத்தோடு நின்று பிரம்பால் காட்டியிருப்பார். மண்வெட்டி பிடித்தது யாருடைய தாத்தா? அதைப் பற்றி எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

எங்கள் தோட்டத்திலும் ஒன்று இருந்தது. அப்பா கிராணி, வெள்ளைச் சட்டை போட்ட வேலைதான், இருந்தும் கிளப் வராண்டா வரைக்கும் போவார், உள்ளே போக மாட்டார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். நான் கோல்ஃபைப் பார்த்தது முழுக்க வேலிக் கம்பிக்கு நடுவில்தான். அதனால் அழகு என்றால் எனக்குக் கொஞ்சம் தொண்டையில் சிக்கும். அந்தச் செயின்ட் ஆண்ட்ரூஸைப் பற்றி நானும் படித்திருக்கிறேன், அது ஊர்ப் பொது நிலம், வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர்ஜனம் நாயைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதன்மேல் நடக்கலாம். எனக்கு அங்கே பிடித்தது அது ஒன்றுதான். இங்கே கப்பல் ஏறி வந்தபோது ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள், ஞாயிற்றுக்கிழமையை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

---

ஒன்பதாங்குழி எழுதியது:

தங்கச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஆட ஆரம்பித்ததே நாற்பது வயதுக்கு மேல், அதுவரைக்கும் நானும் வேலிக்கு வெளியேதான். கல்கத்தாவில் 1829இலேயே கிளப் வந்துவிட்டது, கோலாலம்பூரில் 1893இல், அந்தப் பழைய பேர்களில் நம்ம ஆட்கள் பேர் இருக்காது. ஆனால் ஒன்று சொல்வேன், மழைமானி அண்ணன் சொன்ன அந்தத் தண்ணீர் வடிகிற கணக்கு பிரம்பால் காட்டி வருவதில்லை. எந்த இடத்தில் மண் ஊறும், எங்கே சரியும் என்று வருஷக்கணக்காக அந்தச் சரிவில் பால் வெட்டப் போனவனுக்குத்தான் தெரியும்.

---

லயத்துப்பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். காவலுக்கு நின்றவர் பங்களாதேஷ்காரர், அப்பா இங்கே வேலை பார்த்தார் என்று உடைந்த மலாயில் சொன்னேன், போ என்று கையைக் காட்டிவிட்டார். (கிராணிமகள் அக்கா, வேலி இப்போதும் இருக்கிறது, நடுவில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது.)

ஏழரை மணிக்கு வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி ஒன்பதாம் குழியிலிருந்து பின்னால் நடந்தேன். முதலில் வந்த குழிகளில் ஒன்றும் பிடிபடவில்லை, பனியில் கால்தான் நனைந்தது. மூன்றாம் குழிக்கு வந்து கிரீனில் நின்று திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், ராத்திரி இலை மூடிக்கொள்வதாலோ என்னவோ அடியில் புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருக்கும். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புல் பள்ளம். அடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியாது, நான் போய் நின்று பார்த்தேன், ஒரே சமமான பச்சைதான், அங்கே அடி அங்கே அடி என்று கூப்பிடுகிற மாதிரி அகலமாகக் கிடக்கிறது. வலது ஓரம் ஓடை, பார்த்தாலே பயம். அதனால் எல்லாரும் இடது பக்கம் அடிப்பார்கள், தரை மெல்ல உருட்டி அத்தனை பந்தையும் அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போடும்.

எனக்கு அந்தப் பள்ளம் நன்றாகத் தெரியும். நாங்கள் பந்து பொறுக்கியதே அதில்தான். மூன்றாம் குழிக்குப் போனால் சும்மா திரும்ப மாட்டோம் என்று தம்பியும் நானும் பந்தயம் கட்டுவோம். ஏன் எல்லாப் பந்தும் அங்கே வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த வருஷம் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியதே அந்தப் பள்ளத்துக் காசில்.

மழைமானி அண்ணே, ஒரு சந்தேகம். மூன்றாம் குழியின் விளிம்பைக் குனிந்து பார்த்தேன், ஓடைப் பக்கம் பிய்ந்து காய்ந்திருந்தது, மரத்துப் பக்கம் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் புல் ஓடையைப் பார்த்துச் சாய்கிறதா?

---

மழைமானி எழுதியது:

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. தண்ணீர் போகிற பக்கம்தான் பெரும்பாலும் சாயும். மரத்துப் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றித் தட்டுகிறவனுக்கு மேட்டைத் தாண்டியதும் பந்து நிற்காது, ஓடைப் பக்கம் ஓடிவிடும். பயந்து இடது பக்கம் போனவனுக்கு அங்கே இரண்டாவது அடி.

அப்பா குழி வெட்டுகிற கருவி வைத்திருப்பாரே, உருளையாக, மேலே கைப்பிடி வைத்து? அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்வார்கள். இருக்கிறதா?

---

லயத்துப்பையன் எழுதியது:

இருக்கிறது அண்ணே. அம்மா கறிவேப்பிலைக் கன்றை வேரோடு எடுத்து நட அதைத்தான் வைத்திருக்கிறார். கேட்டால் தர மாட்டார்.