மறுமொழி: 'பெக்' - பிணைப்பா, முளையா?

ஐயா, ஒரு நாணயத்தின் மதிப்பை டாலர் போன்ற இன்னொரு நாணயத்தோடு மாறாமல் நிறுத்தும் 'பெக்' (peg) ஏற்பாட்டுக்கு, நம் சொற்பட்டியலில் 'நிலைவிகிதம்' போதும் என்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. யார் நிறுத்தினார்கள், யார் காக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் மறைந்துபோகிறது. பெக் என்றால் ஒரு மத்திய வங்கி முளை அடித்து அதில் நாணயத்தைக் கட்டுகிறது. வேண்டாதபோது பிடுங்கவும் செய்யலாம்.

மலேசியாவைப் பாருங்கள். பின்னாளில் அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆளுநரான ஸெட்டி அக்தார் அஜிஸ், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே, நாடுவிட்டு நாடு பாயும் மூலதனம் பணக்கொள்கையைப் படுத்தும் பாடு. 1985இல் பேங்க் நெகாராவில் சேர்ந்தார். 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குமுன் ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. அந்த ஆண்டு, ஆளுநரும் துணை ஆளுநரும் விலகிய கையோடு, பொறுப்பு ஆளுநராக வந்து நின்றவர் இவர். செப்டம்பர் 2 அன்று, ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று முளை இறங்கியது. முடிவு பிரதமர் மகாதீருடையது. அதை நடத்திக்காட்ட வேண்டிய பாடு இவருடையது.

வெறும் விகிதத்தை அறிவித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் ஊகவணிகர்கள் ஒரே வாரத்தில் பெயர்த்திருப்பார்கள். அதனால்தான் வெளிநாட்டில் கிடந்த வெள்ளியை ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். பங்கு விற்ற வெளிநாட்டார் பணத்தை ஓராண்டு வெளியே எடுக்க முடியாது என்றார்கள். அடுத்த பிப்ரவரியிலேயே அந்தத் தடையை, பணத்தை வெளியே எடுப்போர் கட்டும் வெளியேற்று வரியாகத் தளர்த்தினார்கள். பன்னாட்டுச் செலாவணி நிதியம் (IMF) அன்று முகம் சுளித்தது. பிற்பாடு அதன் தொனியே மாறியது.

ஸெட்டி 2000இல் முழு ஆளுநரானார். 2005 ஜூலை 21 அன்று, சீனா தன் யுவானை டாலரிலிருந்து அவிழ்த்த அதே நாளில், 3.80 முளையும் பிடுங்கப்பட்டது. அடித்தபோதும் பிடுங்கியபோதும் வங்கியின் தலைமையில் ஒரே ஆள். 2016 வரை பதவியில் இருந்தார்.

பெக்குக்கு 'பிணைப்பு' என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கையில் பிணையங்கள் என்றால் பங்கு, கடன்பத்திர வகையறா. நீதிமன்றத்திலோ பிணை ஜாமீன். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் மொழிபெயர்ப்பாளர் பாடு திண்டாட்டம். முளை என்றால் விதைமுளைதானே நினைவுக்கு வரும் என்று நம் குழுவின் கிள்ளான் அக்கா கேட்டது நியாயம். தனியாக விடாமல் 'நாணயமுளை', 'முளைவிகிதம்' என்று சேர்த்தே எழுதினால் குழப்பம் வராது. வினைக்கு 'முளையடித்தல்', 'முளை பிடுங்கல்'.

2005க்குப் பின் வந்த ஏற்பாட்டுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. மதிப்பைச் சந்தையில் மிதக்க விட்டார்கள், ஆனால் பல நாணயங்களின் கூடையை அளவுகோலாக வைத்து வங்கி கண்காணித்தது. 'மேலாண்மை மிதவை' (managed float) அலுவலகக் கோப்பு வாடை அடிக்கிறது. 'காவல்மிதவை' எப்படி? மறுப்பிருந்தால் எழுதுங்கள், இல்லையேல் 'நாணயமுளை', 'காவல்மிதவை' இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.