படிப்பகத்து முற்றத்தில் முத்துப்பட்டன் கதை

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் அம்மன் கோவில் திருவிழாவான ஆடிக் கொடை முடியும் வாரத்துச் சனிக்கிழமை மாலை, நம் ஊர்ப் படிப்பகத்தின் முற்றத்தில் ஒரு மணி நேரம் கவிதை வாசிப்பும், அதைத் தொடர்ந்து நள்ளிரவு தாண்டும் வரை வில்லுப்பாட்டும் நடத்துவதென்று ஊரில் இருப்பவர்களும் நம் ஊர்க்காரர் சங்கத்தின் செயற்குழுவும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். பாடப்போவது முத்துப்பட்டன் கதை. பாடவிருப்பவர்கள் பக்கத்து ஊர்க் குழுவினர். மூன்று தலைமுறையாக நம் அம்மன் கோவில் கொடைக்கு வில்லடித்து வருகிறவர்கள். ஏற்பாட்டுப் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருப்பதால், இந்த நிகழ்ச்சி ஏன் இவ்வளவு சிறிய இடத்தில், இந்த முறையில் நடக்க வேண்டும் என்று கருதுகிறேன் என்பதை உங்கள் அனைவரிடமும் விளக்கமாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

சென்ற ஆண்டுக் கொடைக்கு வந்திருந்தவர்கள் நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை இரவு, அம்மன் கதை பாதியைத் தாண்டி, அம்மனை வரவழைக்கும் வரத்துப் பாடும் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், தெருவின் மறுபுறம் போட்டிருந்த பெரிய மேடையில் மெல்லிசைக் குழுவினர் தங்கள் ஒலிபெருக்கிகளைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். முதன்மைப் பாடகரான அண்ணாவி இரண்டு முறை பாட்டை நிறுத்திப் பொறுத்திருந்தார். மூன்றாவது முறை, வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலைக் கீழே வைத்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். கதையை முடிக்காமலே, நிறைவு வாழ்த்தான வாழி பாடி வில்லை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். கதை முற்றுப்பெறாமல் வாழி பாடுவது எத்தனை பெரிய குறை என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அம்மன் அருள் வந்து ஆடும் கோமரத்தாடி அண்ணாச்சி வெகுநேரம் கோவில் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மேடைக்கான செலவில் பெரும்பங்கு வெளிநாட்டில் இருக்கும் நாம் அனுப்பியது, நானும் அனுப்பினேன். கொடை சிறப்பாக நடக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அனுப்பினோம் என்றாலும், நாம் கொடுத்த பணம் நம் பாட்டை நடுவில் நிறுத்தியது என்பதும் உண்மையே. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த ஆண்டும் கொடை வழக்கம்போலக் கோவிலில் மூன்று நாள் நடக்கும். அதில் நாம் தலையிடவில்லை. சனிக்கிழமை நிகழ்ச்சி அதிலிருந்து தனியானது. கதையைக் கேட்பதற்கென்றே வருகிறவர்களுக்கானது.

படிப்பகத்து முற்றம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். வேப்பமரத்தடியில் நெருக்கி உட்கார்ந்தால் நூற்றிருபது பேர் அமரலாம். வாசல் திண்ணையில் இன்னும் இருபது பேருக்கு இடம் இருக்கிறது. அதற்கு மேல் கூட்டம் வந்தால் மதிலுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டுப் பெரிதாகச் செய்யலாமே என்று துபாயிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் சிலர் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் வில்லடி என்பது முகம் பார்த்துப் பாடுகிற பாட்டு. அண்ணாவி ஒரு வரியைப் பாடி நிறுத்தும்போது, முன்வரிசையில் இருக்கும் ஆச்சி ஒருத்தி ‘உச்’ கொட்டினால் அடுத்த அடி இன்னும் இழுத்துப் பாடப்படும். பிள்ளைகள் தூங்கி வழிந்தால் ஒரு வேடிக்கைப் பேச்சு உள்ளே நுழையும். மைதானத்தின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் பாடுகிறவருக்கும் இடையே அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க வழியில்லை.

குடத்தின் ஒலியையும் சொல்ல வேண்டும். பத்து அடிக்கும் நீளமான வில்லின் முதுகைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பதால், நாணில் வீசுகோல் விழும் அதிர்வு மணிகளில் குலுங்குவதோடு நிற்காமல் குடத்துக்குள்ளும் இறங்குகிறது. குடமடிப்பவர் ஒரு கையில் பாளையால் செய்த தட்டையால் குடத்தின் வாயை மூடி மூடி அடிப்பார். மறுகை விரல்கள் குடத்தின் வயிற்றில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். வாயை அடிக்கும்போது எழும் அடர்ந்த ‘கும்’ என்ற ஒலி காதில் கேட்பதற்கு முன்பே, உட்கார்ந்திருக்கும் தரை வழியாக உடம்பில் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது என் பாட்டா என்னைக் குடத்துக்கு மூன்று முழ தூரத்தில் உட்கார வைப்பார். அந்த அதிர்வை எந்தப் பெரிய ஒலிபெருக்கியிலும் நான் பிறகு உணர்ந்ததில்லை. ஆகவே பாடுகிறவர் இருவருக்கு மட்டும் சிறிய ஒலிவாங்கி வைக்கிறோம்; குடத்துக்கு வைக்கவில்லை. ஆடிக் காற்று ஒலிவாங்கியில் புகுந்து இரையும் என்பதால் மேற்குப் பக்கம் ஓலைத்தட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன். சாரல் விழுந்தால் உடுக்கையின் தோல் தளர்ந்துவிடும் என்று அண்ணாவி கவலைப்பட்டார். திண்ணையை ஒட்டிக் கூரை இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

இனி, கதையைப் பற்றிச் சில சொற்கள். முத்துப்பட்டன் பிராமண குலத்தில் அண்ணன்மார் பலருக்கு இளையவனாகப் பிறந்தவன். மலையடிவாரத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலத்துச் சகோதரியரின் பாட்டைக் கேட்டு, அவர்களையே மணப்பேன் என்று நின்றவன். அந்தப் பெண்களின் தந்தை வாலப்பகடை விதித்த நிபந்தனையை ஏற்றுப் பூணூலை அறுத்தான், குடுமியைக் களைந்தான், செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான். மணம் முடிந்த இரவிலேயே மாடுகளைக் கள்ளர் ஓட்டிச் செல்கிறார்கள் என்ற செய்தி வருகிறது. அவர்களை விரட்டி வென்றபின் ஒளிந்திருந்த ஒருவனின் குத்துக்கு இரையாகிறான். அவன் வளர்த்த நாய் இரத்தத்தோடு வந்து பெண்களிடம் செய்தி சொல்கிறது. இருவரும் அவன் சிதையிலேயே இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோவிலில் அவன் இன்று பட்டவராயனாக நிற்கிறான். ஆடி அமாவாசைக்கு அங்கே போய் வந்தவர்கள், அவன் சந்நிதியில் நேர்ச்சையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் தோல் செருப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவை தேய்ந்து போவது அவன் இரவில் அணிந்து நடப்பதால்தான் என்பது அங்கே உள்ளவர்களின் நம்பிக்கை.

இந்தக் கதையைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர் நாங்குநேரியைச் சேர்ந்த பேராசிரியர் நா. வானமாமலை. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணப் பெண்களாகப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, வாலப்பகடையால் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று கூறும் பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்த ஒரு சேர்க்கையால் கதையின் உயிரே போய்விடுகிறது என்பது என் கருத்து. பட்டன் கடந்து வந்த எல்லையை அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது. அவன் பூணூலை அறுத்ததற்கும் பொருள் இல்லாமல் போகிறது. ஊரில் ஓரிருவர் அந்தச் சேர்க்கையோடுதான் பாட வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணாவியிடம் இதைச் சொன்னபோது, “எங்க அப்பா பாடினதத்தான் நான் பாடுவேன், அதுல அது கிடையாது” என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் முடிவுக்கு நான் முழுமனத்தோடு துணை நிற்கிறேன். இந்தச் சங்கமும் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு நேரம் பாட வேண்டுமா, இரண்டு மணி நேரத்தில் சுருக்கித் தரச் சொன்னால் என்ன என்ற கேள்வியும் வந்தது. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்று படிப்படியாகத் தொடங்கி, பிறகே கதைக்குள் நுழைந்து, வாழியில் முடிவது கோவில் வில்லடியின் முறை. நாட்டுவளம் பாடும் அந்த அரை மணி நேரத்தில்தான் கேட்பவர்கள் வீட்டுக் கவலைகளை விட்டுவிட்டு வந்து உட்காருகிறார்கள். சுருக்கமான வடிவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லைத் தன் மேடைக்கு எடுத்துச் சென்றார். அவரால் சென்னைக்கு அழைத்து வரப்பட்ட சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் சபாக்களுக்கும் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று 2022-இல் மறைந்த அவரால்தான் வில்லுப்பாட்டு என்ற சொல்லே பலருக்குத் தெரிந்தது. ஆனால் அது பேச்சும் நகைச்சுவையும் கலந்து, இரண்டு மணி நேரத்துக்கென்று அமைத்த வேறொரு வடிவம். நம் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். இரவு நீள நீளக் கதை தன் வேகத்தை மாற்றிக்கொள்வதை அவர்கள் ஒருமுறையாவது நேரில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மாலை ஆறு மணிக்குக் கவிதை வாசிப்பு தொடங்கும். முதலில், நம் பள்ளியில் முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் மருமக்கள்வழி மான்மியத்திலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார். 1876-இல் தேரூரில் பிறந்த கவிமணி, காரணவர் எனப்படும் குடும்பத் தலைவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைத் தானே சொல்வதாக, நாஞ்சில் நாட்டு வீட்டுப் பேச்சை அப்படியே அகவலில் ஏற்றி எழுதிய படைப்பு அது. வாய்விட்டு வாசித்தால்தான் அதன் சுவை முழுவதும் தெரியும். நம் ஊர்க்காரர் வாயில் கேட்டால் இன்னும் தெரியும். அடுத்து, பள்ளி மாணவர்கள் எண்மர் தாங்கள் எழுதிய கவிதைகளை வாசிக்கிறார்கள். அவர்களுள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவள் அப்பா மஸ்கட்டிலிருந்து வாரம் ஒருமுறை பேசும் தொலைபேசியைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதை முன்கூட்டியே படித்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்களின் கவிதைகளுக்குக் கடைசி இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். நேரில் வருபவர்கள் தாங்களே வாசிக்கலாம். வர இயலாதவர்கள் அனுப்பினால் மாணவர்கள் வாசிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். சங்கத்தையோ நன்கொடையாளர்களையோ புகழ்ந்து எழுதும் கவிதைகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அந்த இருபது நிமிடத்தில் ஊர் உங்களிடம் கேட்க விரும்புவது, நீங்கள் இருக்கும் இடத்தைப் பற்றியும் உங்கள் மனத்தைப் பற்றியும்தான்.

பணத்தைப் பற்றியும் திறந்து பேசிவிடுகிறேன். குழுவினர் ஐவர். அவர்கள் கேட்ட தொகையைக் குறைக்காமல் ஒப்புக்கொண்டு, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். மீதியை அன்று பாட்டு தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுவோம். பொன்னாடை, நினைவுப் பரிசு, மாலை எதுவும் கிடையாது; அவற்றுக்கு ஆகும் செலவும் அவர்களின் ஊதியத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. பெண்கள் வில்லடிப்பது அரிதாக இருந்த காலத்திலேயே சிறு வயதில் மேடையேறி ஊர் ஊராகப் புகழ்பெற்ற பூங்கனி அம்மாள், நம் மாவட்டத்துக் கொட்டாரத்தில் தன் கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 2018-இல் மறைந்தார். அவர் தோளில் விழுந்த பொன்னாடைகள் கணக்கில் அடங்காதவையாக இருந்திருக்கும். அவை அவருக்கு அடுப்பெரிக்க உதவவில்லை.

நேரலை உண்டு. இந்திய நேரம் மாலை ஏழு மணிக்கு வில்லுப்பாட்டு தொடங்கும்போது துபாயில் ஐந்தரை, லண்டனில் பிற்பகல் இரண்டரை, நியூ ஜெர்சியில் காலை ஒன்பதரை, சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை, மெல்போர்னில் இரவு பதினொன்றரை மணி ஆகியிருக்கும். நேரலைக்குக் குழுவினர் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆனால் பதிவைத் துண்டு துண்டாக வெட்டிப் பொதுவில் பரப்புவதற்குச் சம்மதிக்கவில்லை. கதையின் உச்சக்கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சினிமாப் பாட்டோடு ஒட்டி யாரோ வெளியிட்டதைத் தன் பேரன் காட்டியதாக அண்ணாவி சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபத்தைவிடத் துயரம்தான் மிகுந்திருந்தது. முழுப் பதிவு படிப்பகத்திலும் குழுவினரிடமும் மட்டும் இருக்கும். கேட்க விரும்புகிறவர்கள் படிப்பகத்துக்கு வந்து கேட்கலாம்.

நேரில் வருகிறவர்கள் ஆடி பத்தாம் தேதிக்குள் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். நாற்காலி போடவில்லை, பாய்தான். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு மட்டும் திண்ணையில் இடம் ஒதுக்குகிறோம். அவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு வில்லை நிறுத்தி, அனைவருக்கும் கஞ்சியும் பயறும், நள்ளிரவுக்கு மேல் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் தருவதாகப் பக்கத்து வீட்டு மதினிமார் பொறுப்பேற்றிருக்கிறார்கள். வில்லுக்குப் புதிய குடம் சூளையில் சொல்லியாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணாவியும் குடமடிப்பவரும் போய், ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நானும் உடன் செல்கிறேன்.

அன்புடன்,
ஏற்பாட்டுக் குழுவுக்காக,
உங்கள் ஊர்க்காரன்