கடலிலும் கரையிலும் நாம் பார்த்த துப்பாக்கிகள்

தூத்தூர்க்காரன்:

எண்ணெய்க் கப்பலில் 12 வருஷம் ஆயிலராக, அதாவது எஞ்சின் அறைத் தொழிலாளியாக, வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் அப்பாவோடும் அண்ணனோடும் சூரை மீனுக்கும் சுறாவுக்கும் தங்கல் போனவன், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது அது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய வீடுகளில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறோம். ஒவ்வொரு தேசத்திலும் துப்பாக்கியை மக்கள் எப்படி வைத்துக்கொள்கிறார்கள், எப்படித் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள் என்று நாம் நேரில் பார்த்ததை எழுதலாம் என்று தோன்றியது. என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோமாலியக் கடற்கொள்ளையர் கப்பல்களைப் பிடித்து வைத்திருந்த காலம். கிழக்கே இருந்து போகும்போது இலங்கையில் காலி துறைமுகத்துக்கு வெளியே சின்னப் படகில் நாலு பேர் வந்து ஏறுவார்கள். முன்னாள் ராணுவத்தார். கூடவே பூட்டுப் போட்ட நீளப் பெட்டிகள். கப்பலைச் சுற்றி ஏற்கெனவே சுருள் முள்கம்பி கட்டியிருப்போம். தீயணைக்கும் குழாய்களைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்போம். செங்கடல் வரை அவர்கள் ராத்திரி பகலாக மாறி மாறி நிற்பார்கள்.

பல நாட்டுத் துறைமுகங்களில் அந்தத் துப்பாக்கிகளோடு கரையில் கால் வைக்க முடியாது. அதனால் ஆயுதங்களைப் பத்திரப்படுத்துவதற்கென்றே செங்கடலிலும் ஓமான் வளைகுடாவிலும் கப்பல்கள் நின்றன. ஆயுதத்தோடு வேறு நாட்டு எல்லைக்குள் போனால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடியில் பார்த்தோமே. 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹையோ என்ற ஆயுதக் காவலர் கப்பலைப் பிடித்து, அதிலிருந்த 35 பேரையும் உள்ளே வைத்தார்கள். 2016இல் தண்டனை கிடைத்தது. 2017இல்தான் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

கப்பலில் நான் தினமும் பார்த்த காட்சி ஒன்று உண்டு. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, காவலர் ஒருவர் துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பார். கடல் காற்று இரும்பைத் தின்றுவிடும், ஒரு நாள் விட்டாலும் துரு ஏறும். சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு துண்டாக எண்ணெய் போடுவார். அம்மாவின் தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய் வாசம் அப்படியே. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாயா குடிப்பேன். அந்த ஆள்களால்தான் ராத்திரி தூங்க முடிந்தது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் 2012 பிப்ரவரி 15க்குப் பிறகு அந்த வாசம் வந்தாலே எனக்குச் சாயா இறங்காது. அன்றைக்குக் கேரளக் கடலுக்கு அப்பால் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் நின்ற கடற்படை வீரர்கள், செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். படகில் இருந்தது 11 பேர். பெரும்பாலானவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் இரையுமன்துறைப் பையன். நான் அப்போது வேறொரு எண்ணெய்க் கப்பலில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போன் பண்ணியபோது அம்மா ஒன்றும் பேசாமல் அழுதாள். நான் துப்பாக்கிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன், துப்பாக்கிக்கு முன்னால் நிற்பது என் ஆள்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வழக்கு ஒன்பது வருஷம் இழுத்தது. 2020இல் சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் அந்த வீரர்களுக்கு இந்திய நீதிமன்றத்திலிருந்து விலக்கு உண்டு, இத்தாலி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. 2021 ஜூனில் 10 கோடி ரூபாய் கட்டிய பிறகு உச்சநீதிமன்றம் வழக்கை முடித்தது. ஒரு குடும்பத்துக்கு 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. பணம் வந்தது, சரி. சுட்டது தப்பு என்று நம் மண்ணில் ஒரு நீதிபதி சொல்லிக் கேட்க வேண்டும் என்றுதான் நாங்கள் காத்திருந்தோம்.

தக்கலைக்காரி, இப்போது டெக்சாஸ்:

அண்ணே, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

நான் இங்கே நர்ஸ். நாங்கள் வந்து கொஞ்ச நாளில், 2016 ஜனவரி 1 முதல், லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்று சட்டம் வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது ஆன, வேறு தடை எதுவும் இல்லாத ஆளுக்கு லைசென்ஸே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். நீளத் துப்பாக்கிக்கு அதற்கு முன்பும் லைசென்ஸ் கேட்டதில்லை.

முதலில் பார்த்தது மளிகைக் கடையில் பில் போடும் வரிசையில். எனக்கு முன்னால் நின்றவர் பெரிய தொப்பி வைத்த வயதானவர். நான் பையில் இருந்து கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் என் மகன், அப்போது நாலு வயது, அந்த இடுப்பு உறையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பெரியவர்களுக்கு அது இடுப்பில் இருக்கிறது. பிள்ளைக்கு அது நேரே முகத்துக்கு முன்னால். பழுப்புத் தோல் உறை, வெள்ளைத் தையல், கறுப்புப் பிடி. அவன் விரலை நீட்டிவிட்டான். எனக்குக் குரலே வரவில்லை. அந்த மனிதர் திரும்பாமலேயே உணர்ந்து, உள்ளங்கையால் பிடியை மூடி, அந்த இடுப்பைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டு, என் அரிசி மூட்டையையும் தூக்கி வைத்தார். நல்ல மனிதர். இருந்தாலும் வண்டிக்குள் உட்கார்ந்து பத்து நிமிஷம் கை நடுங்கியது எனக்கு.

அப்புறம் இந்த ஊரின் பழக்கங்களைக் கற்றுக்கொண்டேன். எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. வாசலில் 30.07 என்று எண் போட்ட பலகை இருந்தால் வெளியே தெரியும்படி எடுத்து வரக்கூடாது. 30.06 என்றால் லைசென்ஸ் உள்ளவரும் மறைத்து எடுத்து வரக்கூடாது. வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் சாராயத்தில் வரும் கடைகளில் 51 சதவீதம் என்று சிவப்பாக எழுதியிருக்கும், அங்கேயும் எடுத்துப் போகக்கூடாது. எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலும் பலகை உண்டு. மறந்து எடுத்து வருகிறவர்களிடம் வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லுவோம், பெரும்பாலும் சண்டை போடாமல் போய் வைத்துவிட்டு வருவார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியமான பழக்கம் ஒன்று. பிள்ளை இன்னொரு வீட்டுக்கு விளையாடப் போகும் முன் அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டுவிடுவேன்: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா, தோட்டா தனியாக இருக்கிறதா? நம் ஊரில் நாய் கட்டியிருக்கிறதா என்று கேட்போமே, அதைப் போல. முதல் தடவை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எதிரில் இருந்தவளோ கோபப்படாமல், பூட்டிய இரும்புப் பெட்டியைக் காட்டிக் கொடுத்தாள். இங்கே பிள்ளை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவு செய்து கூச்சப்படாமல் கேளுங்கள். சிநேகிதம் போனாலும் பரவாயில்லை.

அருமனையிலிருந்து இஸ்ரேல்:

நான் ஒரு 88 வயது அம்மாவைக் கவனித்துக்கொள்கிறேன். இங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் ஏறினால் லீவுக்கு வீட்டுக்குப் போகும் பட்டாளத்துப் பிள்ளைகள்தான். 19, 20 வயசு. மடியில் நீளத் துப்பாக்கி, காதில் பாட்டு, அப்படியே தூக்கம். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்த பெண் பிள்ளை தூங்கிச் சாய, குழல் என் முட்டியில் வந்து இடித்தது. பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. துப்பாக்கியை அவர்கள் கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடாது, அதனால் கடற்கரைக்கும் கல்யாணத்துக்கும் கூட வரும். அதே சமயம் சாதாரண ஆள் லைசென்ஸ் வாங்குவது அமெரிக்கா போல எளிதில்லை, காரணம் காட்ட வேண்டும். தோளில் பார்க்கிற துப்பாக்கிகளில் நிறைய அரசாங்கத்துடையவை என்பது புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

குளச்சல், லண்டனில் இருக்கிறேன்:

இங்கே நேர்மாறு. ரோந்து போகிற போலீஸ்காரர் இடுப்பிலேயே பெரும்பாலும் துப்பாக்கி கிடையாது. 1996இல் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற பிறகு, அடுத்த வருஷமே கைத்துப்பாக்கியைத் தடை செய்துவிட்டார்கள். விமான நிலையத்தில்தான் ஆயுதப் போலீசைப் பார்ப்பேன். பார்த்தால் இன்றைக்கும் நடை தானாக மெதுவாகும்.

குலசேகரம்:

எல்லாரும் வெளிநாட்டைச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டிலேயே இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பாட்டாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, ரப்பரும் மரச்சீனியும் (மரவள்ளி) பயிர். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் ஒரு வயலைக் கிளறிவிடும். லைசென்ஸ் இருந்தாலும் காட்டு மிருகத்தைச் சுட அனுமதி கிடையாது, வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். பழைய வேட்டியில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்திருப்பார். வெளியே தோளில் போட்டு நடந்ததை நான் பார்த்ததே இல்லை. காட்டிக்கொண்டு திரிவது அவருக்கு வெட்கம்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பாட்டா காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஜீப்பில் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு போவார். ரசீதைப் பைபிளுக்குள் வைப்பார். தேர்தல் முடிந்து போய் வாங்கி வந்ததும் குழலுக்குள் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்ப்பார், துரு இருக்கிறதா என்று. 1959 ஆயுதச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 2019 திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பதை இரண்டாகக் குறைத்தார்கள், லைசென்ஸ் காலத்தை ஐந்து வருஷம் ஆக்கினார்கள். கல்யாண வீட்டில் கொண்டாட்டத்துக்குச் சுடுவதையும் குற்றமாக்கினார்கள், அது வடக்கே நிறையப் பேரைக் கொன்ற பழக்கம். பாட்டா இறந்ததும் அப்பா அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். மரப்பெட்டியில் இப்போது அம்மா போர்வை வைக்கிறாள்.

அண்ணே, ஒன்று கேட்கட்டுமா? 2012க்குப் பிறகும் கப்பலுக்குப் போனீர்களா?

தூத்தூர்க்காரன்:

போனேன் மக்கா. வீட்டில் இரண்டு தங்கச்சிகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள்.

அடுத்த கப்பலில் ஏறிய காவலர்களின் தலைவரிடம் நானே போய்ப் பேசினேன். தெரிந்த இங்கிலீஷில், கையால் படம் போட்டுக் காட்டிச் சொன்னேன். மீன்காரன் வேகமாக உங்கள் பக்கம் வருவான், உங்களைப் பிடிக்க அல்ல, உங்கள் கப்பல் அவன் வலையை அறுத்துவிடாமல் இருக்க. கொடி நட்ட மிதவை தெரிகிறதா பாருங்கள். படகில் இருப்பது கொள்ளையர் கப்பலில் ஏற வைத்திருக்கும் ஏணியா, இல்லை மீன்காரனின் வலையும் ஐஸ் பெட்டியுமா பாருங்கள். அவர் குறித்துக்கொண்டார். ஏதாவது படகு தெரிந்தால் எனக்கு வேலை முறை இல்லாத நேரத்திலும் என்னைக் கூப்பிடச் சொன்னார்.

ஓமான் கடலுக்கு வெளியே ஒரு சாயங்காலம் கூப்பிட்டார்கள். இரண்டு சின்னப் படகுகள் நேரே வருகின்றன. காவலர்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். முதலில் காட்டுவது, அதற்குப் பிறகுதான் எச்சரிக்கை வெடி, அதுதான் முறை. படகு நிற்கவில்லை. பைனாகுலரில் பார்த்தேன். பின்பக்கம் கொடி மிதவை மூன்று கிடந்தது. மீன், மீன் என்று கத்திக்கொண்டே தோளில் கிடந்த துவர்த்தை, அதாவது துண்டை, எடுத்து வீசிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முன்னால் இருந்த படகில் ஒருவன் எழுந்து நின்று, பெரிய சூரை ஒன்றை வாலைப் பிடித்து இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். காவலர் துப்பாக்கியைக் கீழே இறக்கினார்.